குற்றம், சாமி, சொந்தபந்தம்: செயல்பாட்டியல் பற்றி தாராவிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு மாடி அறையில், ஞாயிறு மாலைதோறும் சமூகவியல் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா பக்கத்து நம் பிள்ளைகள். பலர் பத்தாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். கல்லூரியில் எஃப்.ஒய்., அதாவது முதலாம் ஆண்டு, வந்ததும் துர்கைம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரை ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அக்கா, செயல்பாட்டியல்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு வழக்கத்தைப் பார்த்ததும், "இது இருப்பதால் இந்தச் சமூகத்துக்குள் என்ன நடக்கிறது? நாளைக்கே இது நின்றுபோனால் எது குலையும்?" என்று கேட்பதுதான் செயல்பாட்டியல். கல்யாணம், கோயில் திருவிழா, சிறைச்சாலை, பள்ளிக்கூடம் என்று எதைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். பாடப்புத்தகம் உடம்பை உவமையாகச் சொல்லும்: இதயத்துக்கு ஒரு வேலை, ஈரலுக்கு ஒரு வேலை, எல்லாம் சேர்ந்தால் உயிர்.

இந்த உவமையில் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஈரலுக்குத் தனி ஆசை கிடையாது, வலியைச் சொல்ல வாயும் கிடையாது. சமூகத்தின் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு மனுஷன், ஒரு மனுஷி. அதனால் என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். "சமூகத்துக்குப் பயன்படுகிறது" என்று புத்தகத்தில் வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் பென்சிலால் "யாருக்கு?" என்று எழுதிவைப்போம்.

எல்லா யூனிட்டிலும் துர்கைம் வந்துடறாரே, அவர் யாரு?

எமில் துர்கைம். 1858இல் பிரான்சின் எபினால் என்ற ஊரில், யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1917இல் இறந்தார். நாம் படிப்பது அவருடைய நான்கு நூல்களிலிருந்து: உழைப்புப் பிரிவினை பற்றியது 1893, ஆய்வு முறை பற்றியது 1895, தற்கொலை பற்றியது 1897, மதத்தின் தொடக்க வடிவங்கள் பற்றியது 1912. பழைய ஊர்க்கட்டும் மதக்கட்டும் தளர்ந்துகொண்டிருந்த பிரான்சில், மனிதர்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பது எது என்ற ஒரே கேள்வியை ஆயுள் முழுக்கக் கேட்டவர். ஊரை விட்டு மும்பை வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

குற்றம் இயல்பானதுன்னு அவர் சொல்றாராம். அதெப்படிக்கா?

வகுப்பில் சத்தம் கூடுவது இந்தக் கேள்விக்குத்தான். 1895ஆம் ஆண்டு நூலில் அவர் சொல்வது இது: குற்றமே நடக்காத சமூகம் எங்கும் இருந்ததில்லை. எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இருக்கிற ஒன்றை நோய் என்று எப்படிச் சொல்ல முடியும்? துறவிகள் மட்டுமே வாழும் ஒரு மடத்தை நினைத்துப் பாருங்கள் என்கிறார். அங்கே கொலையும் களவும் இருக்காது. ஆனால் வெளியே நாம் கண்டுகொள்ளாத சின்னப் பிசகு உள்ளே பெரிய அபசாரமாகிவிடும். கோடு இடம் மாறுமே தவிர, கோட்டைத் தாண்டுகிறவர் இருந்துகொண்டேதான் இருப்பார்.

அடுத்தது தண்டனை. தப்பு செய்தவரைத் திருத்தத்தான் தண்டனை என்று நாம் நினைக்கிறோம். துர்கைம் கண்ணைத் திருப்பித் தப்பு செய்யாதவர்களைப் பார்க்கிறார். ஒரு குற்றம் நடந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வருகிறது. கூடிப் பேசுகிறார்கள். "நாம இப்படிச் செய்ய மாட்டோம்" என்பது மறுபடி உறுதியாகிறது. எல்லார் மனசிலும் பொதுவாக இருக்கும் அந்த நம்பிக்கைகளைத்தான் அவர் கூட்டு மனச்சாட்சி என்கிறார். தண்டனை அதற்குப் போடும் தையல்.

எங்கள் சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, இருபது வீட்டுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போய்விட்டார். மராட்டிக்காரர்கள் பிஷி என்பார்களே, அதே சீட்டு. மறுநாள் காலை குழாயடியில், ஆறு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுததைப் பார்த்தேன். சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். இனி சீட்டுக்கணக்கை இரண்டு பேர் தனித்தனி நோட்டில் எழுத வேண்டும், சீட்டு எடுக்கிறவர் ஒரு ஆளை ஜாமீன் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது. அந்த விதி இன்றுவரை நடக்கிறது. துர்கைம் எழுதிய அத்தனையும் ஒரே நாளில் கண்ணெதிரே நடந்தது.

ஆனால் அந்த அக்காவின் மகள் பாட்டியோடு இங்கேயே இருந்தாள். என் வகுப்புதான். அவள் குடத்தோடு வந்தால் வரிசையில் பேச்சு நின்றுவிடும். அவளோடு சேராதே என்று அம்மா சொன்னார், நானும் சேரவில்லை. சந்து ஒன்றானதற்கு உண்டான விலையை ஒரு பதினொரு வயதுப் பெண் கட்டினாள். அதை எழுத துர்கைமின் நூலில் இடமில்லை. பென்சில் குறிப்பு அங்கேதான் வருகிறது.

அப்போ குற்றவாளிய விட்டுடலாம்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. குற்றம் இயல்பு என்றால் அதை வெறுக்கக் கூடாது என்று பொருளில்லை என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். வலி கூட உடம்புக்கு இயல்புதான், அதற்காக யாரும் வலியை விரும்புவதில்லை. குற்றம் அளவுக்கு மீறிப் பெருகினால் அது நோய் என்பதும் அவர் கருத்தே.

சட்டத்த மாத்தினா குற்றமும் மாறிடுமா?

மாறும். ஒரு செயல் குற்றமாக இருப்பதால் நாம் அதைக் கண்டிப்பதில்லை, நாம் கண்டிப்பதால்தான் அது குற்றமாகிறது என்பது துர்கைமின் புகழ்பெற்ற வாதம். இதற்கு மும்பையை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. அதுவரை வியாபாரமாக இருந்தது குற்றமானது. குடிப்பவர்கள் இருக்கவே செய்ய, கள்ளச்சாராயம் காய்ச்சும் தொழில் தாராவியின் கழிமுகச் சேற்றில் வேர்விட்டது. தங்கமும் அப்படித்தான். 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, கடல்வழி வரும் தங்க பிஸ்கெட்டைச் சுற்றி ஒரு கள்ள உலகமே இயங்கியது. 1990இல் அந்தச் சட்டம் விலக்கப்பட்டது, பிறகு இறக்குமதியும் தளர்ந்தது. அந்தப் பழைய கடத்தல் தொழிலுக்கு இருந்த லாபம் கரைந்தது. கடத்தினவர்களின் குணம் மாறியதால் நடந்ததில்லை அது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைய குற்றவாளி நாளைய ஒழுக்கத்துக்கு வழி திறக்கலாம் என்று சொல்லி சாக்ரடீசை உதாரணம் காட்டுகிறார் துர்கைம். ஏதென்ஸ் சட்டப்படி அவர் குற்றவாளி. ஆனால் அவர் செய்த குற்றம் சுயமாகச் சிந்தித்தது. நம் நாட்டில் 2018 வரை, மனமொத்த இரண்டு ஆண்கள் உறவு கொண்டால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவில் வழக்குப் போட முடிந்தது. அந்த வருஷம் உச்ச நீதிமன்றம் அது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. அதுவரை "குற்றவாளி" என்ற பெயரைச் சுமந்தவர்கள்தான் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள்.

தாராவின்னு சொன்னாலே "அங்க பூரா ரவுடிங்க"ன்னு காலேஜ்ல சொல்றாங்க. இதுக்குப் பாடத்துல பதில் இருக்கா?

இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனைப் படியுங்கள். பிலடெல்பியாவில் புலம்பெயர்ந்து வந்த ஏழை யூதக் குடும்பத்தில் 1910இல் பிறந்தவர். வறுமைப் பகுதியில் வளர்ந்தவர். 1938இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டது.

ஒரு சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கை வைக்கிறது: பணம் சேர், மேலே வா. ஆனால் மேலே போக ஏணியை எல்லோருக்கும் ஒரே மாதிரி தருவதில்லை. இலக்குக்கும் வழிக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியில்தான் நெறியின்மை பிறக்கிறது என்கிறார் மெர்ட்டன். மனிதர்கள் அதற்கு ஐந்து விதமாக ஈடுகொடுப்பார்கள். இலக்கையும் வழியையும் ஏற்று நடப்பவர்கள் பெரும்பான்மை. விடிகாலை நாலு மணிக்கு மாவு ஊற்றி, சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாரே உங்கள் அப்பா, அவர். இலக்கை வைத்துக்கொண்டு குறுக்கு வழி கண்டுபிடிப்பவர் புத்தாக்கக்காரர். குற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. மேலே போகும் ஆசையை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் சடங்குக்காரர். இரண்டையும் விட்டு போதையில் ஒதுங்குபவர் விலகியவர். இரண்டையும் உடைத்துப் புதிது கேட்பவர் கலகக்காரர்.

நம் பெரியவர்கள் இன்றும் பேசும் வரதராஜ முதலியாரை இதில் வைத்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து வந்து வி.டி. (இன்றைய சி.எஸ்.எம்.டி.) ரயில் நிலையத்தில் கூலியாக மூட்டை தூக்கியவர். கள்ளச்சாராயத்தில் மேலே வந்தார். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட கணபதிப் பந்தலைப் பார்க்க நகரமே வந்தது. 1988இல் இறந்தார். இலக்கு ஊரார் எல்லோருக்கும் உள்ளதுதான், வழி வேறு. அவரைக் கும்பிடவும் வேண்டாம், அவரை வைத்து ஒரு ஊரையே எடைபோடவும் வேண்டாம். ஏணி எங்கே இருந்தது என்று கேட்க மெர்ட்டன் சொல்லித் தருகிறார்.

குறையும் சொல்ல வேண்டும். பணக்காரர் செய்யும் குற்றத்தை மெர்ட்டனின் கணக்கு அவ்வளவாக விளக்காது. ஏணி, லிஃப்ட் எல்லாம் கையில் இருந்தும் வங்கியை ஏமாற்றுகிறவர் எதற்காக ஏமாற்றுகிறார்? பரீட்சையில் விமர்சனம் கேட்டால் இதை முதலில் எழுதுங்கள்.

மதத்தப் பத்தி துர்கைம் என்ன சொல்றாரு?

1912ஆம் ஆண்டு நூல் ஆஸ்திரேலியப் பழங்குடியான அருண்டா மக்களைப் பற்றியது. துர்கைம் அங்கே போனதே இல்லை. ஸ்பென்சர், கில்லன் என்ற இருவர் திரட்டிய விவரங்களை வைத்து எழுதினார். அந்த மக்களிடம் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ செடியோ குலக்குறி. அது புனிதம், மற்றதெல்லாம் அன்றாடம். ஒரு சாதாரணச் செடிக்கு அவ்வளவு மரியாதை எங்கிருந்து வருகிறது? அந்தச் செடி குலத்தின் அடையாளம். அதை வணங்கும்போது தங்களையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தக் கூட்டத்தையே வணங்குகிறார்கள் என்பது அவர் முடிவு.

அந்த மக்கள் கொஞ்ச காலம் சிதறி வேட்டையாடுவார்கள், கொஞ்ச காலம் ஒன்றுகூடி ஆடுவார்கள். கூடும்போது தனி ஆளிடம் இல்லாத ஒரு வேகம் வருகிறது. அதற்கு துர்கைம் வைத்த பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொங்கி நுரைத்தல் என்று பொருள். பாடநூல் மொழிபெயர்ப்பில் "கூட்டுக் கிளர்ச்சி" என்று போடுகிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. நமக்குத்தான் நேர்ச்சொல் இருக்கிறதே. தைப்பொங்கல் காலையில் 90 அடி ரோட்டில் நின்று பாருங்கள். வரிசையாக அடுப்பு, புகையில் கண் எரிகிறது, முதல் பானை பொங்கியதும் ஒரு குலவை கிளம்பி ரோடு நெடுக ஓடுகிறது. மறுநாள் அதே பெண்கள் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள். ஆனால் அந்தக் காலை நேரத்தின் சூடு அடுத்த தைவரை உள்ளே எங்கோ இருக்கிறது. சடங்கு ஏன் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதற்கு துர்கைம் சொல்லும் காரணமும் அதுவே: சூடு ஆறும், மறுபடி மூட்ட வேண்டும்.

ஒரு ஆண்டுப் பொருத்தம். துர்கைமின் முதல் பெரிய நூல் வந்த அதே 1893இல்தான் திலகர் வீட்டுக்குள் இருந்த கணபதியைப் பொது விழாவாக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். கிர்காவில் கேசவ்ஜி நாயக் சால் என்ற வரிசைவீட்டுக் குடியிருப்பில் அந்த வருஷமே விழா நடந்தது. சாமி கும்பிடுவது வெளிப்படையான செயல்பாடு. ஆங்கிலேய ஆட்சியில் கூட்டம் கூட ஒரு வழி கிடைத்தது மறைமுகச் செயல்பாடு. இந்தப் பிரிவினை 1949இல் மெர்ட்டன் சொன்னது: செய்கிறவர் அறிந்து நாடுவது வெளிப்படை, அறியாமலும் நாடாமலும் நேர்வது மறைமுகம். திலகருக்கு இரண்டாவதும் தெரிந்தே இருந்தது என்பதால், 'மறைமுகம்' யாருக்கு மறைவு என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் விடை நன்றாக இருக்கும்.

அப்போ கடவுளே இல்லைங்கிறாரா? எங்கம்மாகிட்ட சொன்னா அடிப்பாங்க.

அவருக்குத் தனிப்பட்ட முறையில் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் எந்த மதமும் பொய் இல்லை என்று எழுதியவரும் அவர்தான். கும்பிடுகிறவர் உணர்கிற அந்தப் பெரிய சக்தி நிஜம், அதன் ஊற்று சமூகம் என்பது அவர் நிலை. அம்மாவிடம் இதைச் சொல்லி விவாதம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் அம்மா கோயிலுக்கு ஏன் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல விஷயம் கிடைக்கும்.

மலினோவ்ஸ்கியும் இதேதானே சொல்றாரு?

கொஞ்சம் வேறு. துர்கைம் கூட்டத்தைப் பார்த்தார், மலினோவ்ஸ்கி தனி மனிதனின் பயத்தைப் பார்த்தார். முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் நியூகினிக்கு அருகே ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் அவர். அந்த மக்கள் உள்கழியில் மீன் பிடிக்கப் போகும்போது மந்திரம் சொல்வதில்லை. அங்கே ஆபத்து கிடையாது, மீன் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் மந்திரமும் சடங்கும். கைத்திறன் எட்டாத இடத்தில்தான் மந்திரம் தொடங்குகிறது. நம் பக்கத்துக் கோலி மீனவ மக்கள் மழைக்காலம் ஓயும் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டு வலையை எடுப்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

மதம் ஒண்ணு சேர்க்கும்னா, 92, 93ல நடந்தது என்ன?

இந்தக் கேள்வியைத் தாராவியில் யார் கேட்டாலும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பைக் கலவரங்களில் சுமார் 900 பேர் இறந்தார்கள். மார்ச் 12 குண்டுவெடிப்புகளில் 257 பேர். தாராவியும் எரிந்தது.

துர்கைமின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே மதம், ஒரே குலக்குறி உள்ள சிறு சமூகத்தைப் பார்த்து எழுதியது அது. ஒரே சந்தில் கோயிலும் மசூதியும் தேவாலயமும் உள்ள இடத்தில், ஒவ்வொரு பொங்குதலும் ஒரு "நாம"வை உண்டாக்கும்போதே ஒரு "அவங்க"ளையும் உண்டாக்குகிறது. மெர்ட்டன் இதைக் கண்டுகொண்டார். ஒரு வழக்கம் ஒரு பகுதிக்கு நன்மையும் இன்னொரு பகுதிக்குக் கேடும் செய்யலாம் என்று சொல்லி, கேட்டுக்கு எதிர்ச்செயல்பாடு என்று பெயர் வைத்தார். லூயிஸ் கோசர் என்ற சமூகவியலாளர் 1956இல் இன்னும் ஒரு படி போனார்: வெளிப்பகை உள்ஒற்றுமையை இறுக்கும். சிவசேனா தொடங்கிய 1966க்குப் பிறகு "மதராசி" என்று சொல்லி லுங்கி கட்டினவரை விரட்டிய நாட்களில், ஒரே ஊர்க்காரர் அல்லாத தமிழர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் படுத்து உறங்கினார்கள் என்று என் தாத்தா சொல்வார். அடி வாங்கினதால் வந்த ஒற்றுமை அது. அடித்தவர்களும் அதே நாட்களில் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நல்லது என்று முடிவு கட்டாதிருக்க இந்த ஒரு விஷயம் போதும்.

இயந்திர ஒருமைப்பாடு, உயிரி ஒருமைப்பாடு. எது எதுன்னு எப்பவும் குழம்புது.

பெயர்கள் தலைகீழாக ஒலிப்பதால் வரும் குழப்பம். கிராமத்துக்கு உயிரி, நகரத்துக்கு இயந்திரம் என்று தோன்றும். துர்கைம் மாற்றி வைத்தார். ஒரே மாதிரி வேலை, ஒரே சாமி, ஒரே எண்ணம் உள்ளவர்கள் ஒட்டிக்கொண்டிருப்பது இயந்திர ஒருமைப்பாடு. வேறு வேறு வேலை செய்கிறவர்கள், ஒருவர் இல்லாமல் மற்றவர் பிழைக்க முடியாததால் பிணைந்திருப்பது உயிரி ஒருமைப்பாடு. முதலாவதில் சட்டம் தண்டிக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் நஷ்ட ஈடு வாங்கித் தரும்.

முதலாவது எப்படி இரண்டாவதாகிறது? ஜனநெருக்கம் கூடும்போது எல்லோரும் ஒரே தொழிலைச் செய்தால் மோதிக்கொள்ள நேரும், அதனால் தொழில் பிரிகிறது என்கிறார். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம் தாராவியில் இது தெரியும். திருநெல்வேலிக்காரர் தோல் வேலை பார்க்க, குஜராத்திக் குயவர் கும்பார்வாடாவில் பானை வனைய, 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்க, இட்லி ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம்.

ஆனால் ஒன்று போய் இன்னொன்று வரும் என்று புத்தகம் சொல்வது போல மும்பையில் நடக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டை வேலையிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்களைப் பாருங்கள். கொரோனாவுக்கு முன் சுமார் 5,000 பேர். நகரத்தோடு அவர்களுக்குள்ள உறவு உயிரி வகை. அவர்களுக்குள்ளோ பெரும்பாலோர் புனே மாவட்டத்தின் அக்கம்பக்கத்துக் கிராமத்தார், ஒரே வெள்ளைத் தொப்பி, ஒரே விட்டல பக்தி. உள்ளே இயந்திர வகை இருப்பதால்தான் வெளியே உயிரி வகை தவறாமல் ஓடுகிறது என்பேன். நம் தோல் பட்டறைகளும் இட்லிக்காரர்களும் அப்படித்தான், ஊர்க்காரர் ஊர்க்காரரைக் கூட்டிவந்துதான் தொழில் நின்றது.

2005 ஜூலை 26 இன்னொரு உதாரணம். சாந்தாக்ருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றது, போன் நின்றது. தொழில் வலை முழுவதும் அறுந்த அந்த ராத்திரியில் முன்பின் தெரியாதவர்கள் கயிறு பிடித்து, பிஸ்கெட் கொடுத்து, வீட்டுக்குள் படுக்க இடம் தந்தார்கள். துர்கைமிடம் இதற்கு நேரடியான விளக்கம் கிடையாது.

சாதிக்கும் ஒரு செயல்பாடு இருக்குன்னு விடையில எழுதலாமா?

பழைய நூல்கள் சிலவற்றில் அப்படி இருக்கிறது. டேவிஸ், மூர் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1945இல், முக்கியமான வேலைக்குத் தகுதியானவரை இழுக்க ஏற்றத்தாழ்வு தேவை என்று வாதிட்டார்கள். சாதியை உழைப்புப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்கள் அதற்கு முன்பே நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் பதில் சொல்லிவிட்டார்: சாதி வெறும் உழைப்பின் பிரிவினை ஆகாது, அது உழைப்பாளிகளையே பிரித்து வைப்பது. அதை எழுதியவர் வாழ்ந்த ராஜகிருகம் இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், தாதர் இந்து காலனியில்.

தோல் பதனிடும் வேலை யார் தலையில் விழுந்தது, ஏன் விழுந்தது என்று தாராவிப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் எழுதுங்கள்: செயல்பாட்டியல் சாதியை இப்படி விளக்கியது, அம்பேத்கரின் மறுப்பு இது, செயல்பாடு இருப்பது நியாயம் ஆகாது. துர்கைமே 1893 நூலில், திறமைக்குப் பொருந்தாமல் பிறப்பால் திணிக்கப்படும் வேலைப் பிரிவினையைக் கட்டாயப் பிரிவினை என்று சொல்லி நோய்க்கூறாகவே வைத்தார். இதைச் சேர்த்தால் விடைக்கு முதுகெலும்பு வரும்.

இதெல்லாம் வெள்ளக்காரங்க படிப்புதானா? நம்ம பக்கம் யாரும் இல்லையா?

உண்டு, அதுவும் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே. பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறை 1919இல் பேட்ரிக் கெடிஸ் தலைமையில் தொடங்கியது, 1924இலிருந்து குர்யே நடத்தினார். மைசூரில் பிறந்த எம்.என். சீனிவாஸ் அவரிடம் படித்து, பிறகு ஆக்ஸ்போர்டில் ராட்கிளிஃப்-பிரவுன் என்ற செயல்பாட்டியல் மானிடவியலாளரிடம் போனார். குடகு மக்களின் மதம் பற்றி 1952இல் வந்த அவர் நூல், சடங்கு எப்படிக் குடும்பத்தையும் ஊரையும் கட்டுகிறது என்று காட்டிய செயல்பாட்டியல் ஆய்வு.

புராஜெக்டுக்கு எங்க போகட்டும்?

தூரம் போக வேண்டாம். உங்கள் சந்தில் சீட்டு ஏலம் நடக்கும் நாளில், நடத்துகிற அக்காவிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள். யார் யாருக்கு ஜாமீன் நிற்கிறார்கள், யாரைச் சேர்க்க யோசிக்கிறார்கள், தவணை தப்பினவர் வந்தால் பேச்சு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நோட்டில் யார் பெயரும், வீட்டு நம்பரும் வேண்டாம். சேர்த்துக்கொள்ளப்படாத ஒரு வீட்டுக்கும் மறுநாள் போய், தேவைப்படும்போது பணம் எங்கே புரட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் எழுதின நோட்டோடு ஞாயிறு ஐந்து மணிக்கு மாடிக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.